செம்பில் வெட்டிய பெயர்

எவர்சில்வர் சிமெண்டில் விழுந்தால் அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்பதில்லை, உச்சந்தலையில் கேட்கும். குருண் டவுனில் வேலைக்குப் போகும் வழியில் டீ குடிக்க நிற்கும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் அன்று காலை யாரோ தட்டு அடுக்கைத் தட்டிவிட்டார்கள். தட்டுகளெல்லாம் விழுந்து அடங்கிவிட்டன. ஒரு குவளை மட்டும் அடங்கவில்லை. சுழன்றது, நிற்கப் போவதுபோல் தாழ்ந்தது, மறுபடி சுழன்றது. என் கை தானாகப் போய்த் தலைமயிரைப் பொத்திக்கொண்டது. ஐம்பது வயதுக்காரி, தொழிற்சாலைச் சீருடையோடு, நடுக்கடையில் தலையைப் பொத்தி உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில் நான் குருணில் இல்லை. புக்கிட் செலம்பாவ் பக்கம், நாங்கள் இருந்த தோட்டத்தில், இரண்டு லயன் வீட்டு வரிசைகளுக்கு நடுவே இருந்த பொதுக் குழாயடியில் சின்னப் பிள்ளையாய் நின்றேன். சாயங்காலம். சின்னம்மா குனிந்து செம்பில் தண்ணீர் பிடிக்கிறாள். சித்தப்பா சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வருகிறார். வருகிற வழியிலேயே அந்தச் சாராய நாற்றம் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்தார். பிடித்து இழுத்தார். அவள் முழங்கால்கள் சிமெண்டில் தேய்ந்து சிவப்பாய்க் கோடு போட்டன. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், ஒதுங்கி வழி விட்டார்கள். சின்னம்மா செம்பை மட்டும் விடவில்லை. இழுபட்டுக்கொண்டே காலை ஊன்றி எழுந்தாள். எழுந்த வேகத்தில் நிறைசெம்பால் அவர் மண்டையில் அடித்தாள்.

முதல் சத்தம் மந்தமானது, ஈர மண்ணில் பலாப்பழம் விழுந்தாற்போல. இரண்டாவது, செம்பு கைநழுவிச் சிமெண்டில் விழுந்து சுழன்ற சத்தம். அது இன்னும் நிற்கவில்லை.

யாரோ உட்காரச் சொன்ன மாதிரி சித்தப்பா உட்கார்ந்தார். ரத்தம் காதுக்குப் பின்னால் இறங்கிச் சட்டைக் காலருக்குள் போனது.

"அடிச்சிட்டியா?" என்றார், நம்பாதவர்போல.

"ஆமா," என்றாள் சின்னம்மா. செம்பை எடுத்தாள், கழுவினாள், மறுபடி தண்ணீர் பிடித்தாள்.

அவர் சாகவில்லை. தோட்டத்து டிரசர் தையல் போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகும் குடித்தார், கை ஓங்கவும் செய்தார். ஆனால் ஓங்குவதற்கு முன் செம்பு எங்கே இருக்கிறது என்று வீட்டை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். செம்பின் வயிற்றில், ஒரு கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒடுக்கு விழுந்துவிட்டது. தோட்டத்துக்கு வரும் பாத்திரக்காரர் தட்டி எடுத்துத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை. அந்தச் சாயங்காலத்திலிருந்து அது அவள் தலைமாட்டிலேயே இருந்தது. வேறு எதிலும் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

குவளை ஒருவழியாய் நின்றது. என் கைப்பேசி அடித்தது.

லூனாஸிலிருந்து, சின்னம்மா இருக்கும் முதியோர் இல்லத்தை நடத்தும் பெண். என்னைவிட வயது குறைந்தவள். முன்பு பினாங்கில் தாதியாக இருந்தவள். யாருடைய உடம்புக்கு என்ன வந்தாலும் குரலை உயர்த்தாதவள். அன்று உயர்ந்திருந்தது. சின்னம்மா எதிர்க்கட்டிலில் இருக்கும் வேறொரு அம்மாவின் வாயைக் கிழித்துவிட்டாளாம். விரலை உள்ளே விட்டு, ஓரத்தோடு பிடித்து இழுத்திருக்கிறாள். இத்தனைக்கும் பக்கவாதத்தில் சின்னம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்து போயிருந்தது. மிச்சமிருந்த கையால் செய்த வேலை இது. அடித்தது போகட்டும், அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறாளாம். கப்பில் கொடுத்தால் தட்டிவிடுகிறாள். ஊசியில்லாத சிரிஞ்சில் வாயில் விட்டால் துப்புகிறாள், விட்டவள் விரலைக் கடிக்கிறாள். நாக்கு காய்ந்து வெடித்திருக்கிறது. இன்றும் குடிக்காவிட்டால் கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்ற வேண்டியதுதான், இந்த வயதில் போனால் திரும்பி வருவார்களா என்று சொல்ல முடியாது என்றாள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "செம்பு எங்க?"

"எந்தச் செம்புக்கா?"

வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினேன். சுங்கை பட்டாணி வரைக்கும் லாரிகள். ஒவ்வொரு லாரியையும் முந்தும்போது நான் யாரையோ அடித்துக்கொண்டிருந்தேன், முகம் தெரியாத யாரையோ, செம்பை எடுத்த கையை. சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரங்கள் நின்ற இடத்தில் இப்போது எண்ணெய்ச் செம்பனை. அதன் முள்மட்டைகளை வெட்டிக் குவித்திருந்தார்கள். பார்த்தால் அவையும் ஒரு சண்டைக்குப் பிறகு விட்டுப்போன ஆயுதங்களாகத்தான் தெரிந்தன.

சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா போன பிறகு என்னோடு குருணில் இருந்தாள். கையும் காலும் விழுந்த பிறகு, நான் ஷிப்டுக்குப் போன நேரத்தில் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்து போனாள். அதன் பிறகுதான் இந்த இல்லம். லூனாஸ் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மூலைவீட்டை விரித்துக் கட்டியது. முன்னால் இரும்பு கிரில், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், டெட்டால், டெட்டாலுக்கு அடியில் மூத்திரம்.

சேர்த்த அன்றே இல்லத்துப் பெண் விதியைச் சொல்லிவிட்டாள். எல்லாப் பொருளிலும் பெயர் இருக்க வேண்டும். பெயர் யாருடையதோ பொருள் அவருடையது. பெயர் இல்லாதது வீட்டுக்குப் பொது. நான் கறுப்பு மையால் கைலி ஓரத்தில் எழுதினேன், நைட்டிக் கழுத்தில் எழுதினேன், தைல டப்பாவின் மூடியில் எழுதினேன். மை போய்விடும் என்று சிவப்பு நூலால் முதல் எழுத்தைத் தைத்தும் வைத்தேன். அப்படியும் பொருள்கள் நடந்தன. அந்த வீட்டில் மனிதர்கள் நடக்க முடியாததால் அவர்களுடைய பொருள்கள் நடந்தன. சின்னம்மாவின் நீல நைட்டி ஜன்னலோரக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டிருக்கும். அவள் செருப்பில் ஒன்று இன்னொருத்தியின் வீங்கிய பாதத்தில் இருக்கும். ஒரு முறை அவள் டப்பாவில் யாருடைய பல்செட்டோ சிரித்தது. ஒவ்வொரு வாரமும் போனதும் முதலில் அலமாரியைத் திறந்து சண்டை போடுவேன், பிறகுதான் சின்னம்மாவிடம் போவேன். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். படுத்தபடியே, "அவள விடாத. உருவு, உருவு," என்று கையால் காட்டுவாள்.

செம்பின் அடியிலும் மையால் அவள் பெயரை எழுதி வைத்தேன். பாத்திரம் தேய்க்கும் இந்தோனேசியக்காரி நன்றாய்த் தேய்ப்பவள். எழுதியது அடுத்த வாரமே போயிருந்தது. போகாமல் நின்றது கழுத்தில் வெட்டியிருந்த பெயர் மட்டும்தான். அது சின்னம்மாவின் பெயரில்லை.

எங்கள் ஆட்களின் கல்யாணச் சாமான்களில் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும். தோட்டத்தில் யார் கல்யாணத்துக்குச் செம்பு, குடம் வாங்கினாலும் பாத்திரக் கடையிலேயே தன் பெயரை வெட்டி வாங்கிக்கொண்டுதான் போவார்கள். வாங்கிக்கொண்டவள் ஆயுசு முழுக்க ஊரார் பெயரில்தான் சோறு வடிப்பாள், பிறத்தியார் பெயரில்தான் தண்ணீர் குடிப்பாள். சின்னம்மாவின் செம்பில் இருந்தது சித்தப்பாவோடு ஒரே நிரையில் பாலுக்காக மரம் வெட்டிய ஒருவரின் பெயர். அவர் எப்போதோ இறந்துவிட்டார். முன்னெழுத்தும் தேய்ந்துவிட்டது. மிச்சமிருந்தது கெடா தோட்டங்களில் கோயிலுக்குக் கோயில் இருக்கும் சாமியின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இல்லத்துக்குள் நுழைந்தபோது சின்னம்மாவைக் கட்டிப் போட்டிருந்தார்கள். நல்ல கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்து, கைலியைக் கிழித்த துணியால். அந்தத் துணியின் ஓரத்தில் என் சிவப்பு நூல் இருந்தது. அவள் கைலியையே கிழித்து அவளைக் கட்டியிருக்கிறார்கள். உதடு வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. நகங்களுக்கடியில் காய்ந்த ரத்தம். என்னைப் பார்த்ததும் கண் மட்டும் எதிர்க்கட்டிலைக் காட்டியது.

முடிச்சை அவிழ்க்க வரவில்லை, பல்லால் இழுத்து அவிழ்த்தேன். இல்லத்துப் பெண் பின்னாலேயே வந்து, அவிழ்க்காதீர்கள், திரும்ப அடிப்பார்கள் என்றாள். அடிக்கட்டும் என்றேன். செம்பைப் பற்றிக் கேட்டேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஓ, அதா? அது அந்த அம்மாவோடதுக்கா. பேரு போட்டுருக்கு பாருங்க, அவங்க ஹஸ்பண்டு பேரு. கெடச்ச அன்னைக்கு அதுல கைய வச்சித் தடவிக்கிட்டே இருந்தாங்க. பாவம்லா."

அது எங்கள் செம்பு, அதில் இருப்பது கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர் என்று சொன்னேன். அவள் பட்டணத்துப் பிள்ளை. கொடுக்கிற பொருளில் யாராவது தன் பெயரைப் போட்டுக் கொடுப்பார்களா என்று கேட்டாள். கேட்ட விதத்தில் பொய் சொல்லுகிறேன் என்று நினைத்தது தெரிந்தது. பெயர் யாருடையதோ பொருள் அவருடையது, எல்லோருக்கும் அதே ரூல்ஸ்தான்லா, இல்லாவிட்டால் தினமும் இங்கே கொலைதான் விழும் என்றாள்.

எதிர்க்கட்டிலுக்குப் போனேன். நெடிய உடம்புக்காரி. தோட்டத்தில் பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகையில் வேலை செய்தவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எத்தனை பிள்ளைகளை இடுப்பில் சுமந்தாளோ, இடுப்பே ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது. வாயோரத்தில் பிளாஸ்திரி. வீங்கிய கன்னத்துக்குள் வெற்றிலையை அடக்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் மகள் கொடுத்துவிட்டுப் போவது. இல்லத்தில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

"செம்பக் குடுங்கம்மா," என்றேன்.

"எந்தச் செம்பு?" என்றாள், சுவரைப் பார்த்து.

அவள் தோள் கட்டிலின் ஓரத்தை மறித்து நின்றது. நான் குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டேன். அவள் என் மயிரைப் பிடித்தாள். கொத்தாக, வேரோடு. உச்சந்தலையில் அந்தச் சத்தம் மறுபடி சுழன்றது. அவள் மணிக்கட்டைப் பிடித்து நான் முறுக்கினேன். கிழட்டு எலும்பு, தோலுக்கடியில் சுள்ளியாக உருண்டது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் ஒடியும் என்பது என் கைக்குத் தெரிந்தது. கொஞ்சம் முறுக்கினேன். அவள் முனகவில்லை. வாயைத் திறந்து என் நெஞ்சில் துப்பினாள். சீருடை சிவந்தது. பின்னால், காய்ந்து வெடித்த நாக்கோடு சின்னம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

இல்லத்துப் பெண் என் தோளைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததில் என் மறு கையில் கட்டிலடியிலிருந்து செம்பும் வந்தது. கனத்தது. ஒரு துணியால் மூடியிருந்தது. துணி விலகியது.

உள்ளே கழுத்து வரைக்கும் வெற்றிலை எச்சில். சிவந்து, கறுத்து, நுரைத்து, சக்கையோடு தளும்பிக்கொண்டிருந்தது. என் விரல்களில் வழிந்தது.

இல்லத்துப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் முகத்தில் அருவருப்பைவிட ஏமாற்றம் அதிகம்.

"என்னம்மா இது? வீட்டுக்காரர் பேருள்ள செம்புல போயி?"

"அவன் பேரு இருக்குன்னுதான் அதுல துப்புறேன்," என்றாள் எதிர்க்கட்டில்காரி. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, மிக நிதானமாக. "வேற எதுல துப்புவேன்? எம்மொவ பால்மாவு டின்னு குடுத்தா. டின்னுல துப்பி என்ன கெடைக்கும்?"

பிறகு தலையைத் திருப்பி இடது காதைக் காட்டினாள். காது வெளியே பழுதில்லாமல்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் கேட்காதாம். கல்யாணமான புதிதில் அவன் விட்ட அறை. அப்புறம் ஒரு காலில் பாராங் கத்தியால் வெட்டியது, அப்புறம் தோள்பட்டை. ஒவ்வொன்றையும் ஊர்ப்பெயர் சொல்வதுபோல் சொன்னாள். அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனோ தூக்கத்திலேயே நோகாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். ஊரே நல்ல சாவு என்றது. எல்லோரும் பார்க்க அவள்தான் அவன் காலைக் கழுவிவிட வேண்டியிருந்தது.

"அன்னைக்கே துப்பியிருக்கணும். ஆளுங்க நின்னாங்க," என்றாள்.

செம்பை எங்கே பிடித்தாளோ, எப்படி இந்தப் பக்கம் வந்ததோ, அது எனக்கு அப்போது தேவைப்படவில்லை. கழுவும் கூடத்திலிருந்து மாறி வந்திருக்கும். அதில் துப்புவதைச் சின்னம்மா பார்த்திருக்கிறாள். தன் செம்பில். கட்டிலிலிருந்து எப்படி இறங்கினாள், விழுந்த காலை எப்படி இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போய், துப்பிய வாயைப் பிடித்திருக்கிறாள்.

நான் எச்சில் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் குழாயடிச் சாயங்காலத்தைச் சொன்னேன். கேட்கும் காதுப் பக்கமாய்ப் போய்ச் சொன்னேன். கொண்டை, முழங்கால், நிறைசெம்பு. அவள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். கையை நீட்டிச் செம்பின் வயிற்றைத் தடவினாள். விரல் ஒடுக்கில் போய் விழுந்தது.

"இது மண்டையா?"

"மண்டைதான்."

"செத்துட்டானா?"

"சாகல. தையல் போட்டாங்க."

"அப்ப ஓங்கி அடிக்கல," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்தப் பேருள்ளவன் மண்டையா?" என்று கேட்டாள்.

இல்லை, இந்தப் பெயர் கல்யாணத்துக்குச் செம்பு கொடுத்தவருடையது, அடி வாங்கியவர் வேறு என்று சொன்னேன். கொடுத்தவர் பெயரா, அதுதானே, நம் ஆட்கள் அப்படித்தானே போடுவார்கள் என்று அவளே தலையாட்டிக்கொண்டாள். இல்லத்துப் பெண் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். எதிர்க்கட்டில்காரிக்குச் செம்பு போவதைவிட அந்த மண்டை தன் புருஷனுடையதில்லை என்பதுதான் வருத்தமாக இருந்தது. விரலை ஒடுக்கிலிருந்து எடுக்கவே மனமில்லாமல் எடுத்தாள்.

"இதக் கொண்டு போயிட்டா நான் எதுல துப்புவேன்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சுங்கை பட்டாணியில் பாத்திரக் கடையில் இன்றைக்கும் பெயர் வெட்டுகிறார்கள். புதுச் செம்பு ஒன்று வாங்கி, அதே பெயரை வெட்டிக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். இல்லத்துப் பெண், ஐயோ அக்கா, துப்புவதற்கா என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். அவள் பஞ்சும் மருந்தும் எடுத்து வரப் போய்விட்டாள்.

பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். எச்சிலைக் கொட்டினேன். சாக்கடை சிவந்து ஓடியது. தேங்காய் நாரும் உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். வெட்டிய எழுத்துகளின் பள்ளத்தில் சிவப்பு ஏறியிருந்தது. நகத்தால், பிறகு ஊக்கால், எழுத்து எழுத்தாய்ச் சுரண்டினேன். இந்தோனேசியக்காரி பக்கத்தில் நின்று, கொடுங்கள் நான் தேய்க்கிறேன் என்று மலாயில் கேட்டாள். கொடுக்கவில்லை. யாரையோ அடித்து முடிக்கிற மாதிரி தேய்த்தேன். கார் ஓட்டி வந்தபோது இருந்த வெறி முழுவதும் அந்தக் கழுத்தில் போய்த் தேய்ந்தது.

தண்ணீர் நிறைத்துச் சின்னம்மாவிடம் கொண்டுபோனேன். அவள் வாங்கவில்லை. மோந்து பார்த்தாள்.

"திரும்பக் கழுவு, பாப்பா."

கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி மோந்தாள். கட்டைவிரல் ஒடுக்கைத் தேடிப் போய் அதில் உட்கார்ந்தது. பிறகு எதிர்க்கட்டிலைப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள்.

"அவ கைய ஒடிச்சியா?"

"இல்ல சின்னம்மா."

"ஏன்?"

அவள் தலையைத் தூக்கிப் பிடித்தேன். அண்ணாந்து குடிக்கிறவள், இப்போது முடியாது. வாய் வைத்தே குடித்தாள். தண்ணீர் உதட்டு வெடிப்பில் பட்டதும் முகம் கோணியது, ஆனாலும் நிறுத்தவில்லை. பாதி அவள் தொண்டைக்குள் போனது, பாதி கழுத்தில் வழிந்து நைட்டியை நனைத்தது. கழுத்து நரம்பு ஏறி இறங்குவதை நானும் பார்த்தேன், எதிர்க்கட்டிலிலிருந்து அவளும் பார்த்தாள். குடித்து முடித்ததும் செம்பைத் தலைமாட்டில், நல்ல கை எட்டும் பக்கமாக வைக்கச் சொன்னாள். வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

இல்லத்துப் பெண் வந்து நாடி பிடித்துப் பார்த்து, ஆஸ்பத்திரி வேண்டாம், இப்படியே குடித்தால் போதும் என்றாள். கட்டிலின் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த கைலித் துணியை எடுத்து, அதில் இருந்த சிவப்பு நூலைப் பார்த்து, மடித்து என்னிடம் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. கேட்கவில்லை.

சீருடையில் துப்பல் காய்ந்து விறைத்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எதிர்க்கட்டிலைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டும்போது அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். என் விரல்கள் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ பொண்ணு. எழுத்தப் பெருசா வெட்டச் சொல்லு. எனக்குக் கண்ணு செரியா தெரியல."